கம்பி ஏன் ஓட மாட்டேங்குது?

கேள்வி: டான்ஸ் ஆடுறவங்கள கரில வேகமா வரைவேன், அது நல்லாவே வருது. அதையே ஜிஐ கம்பில (துத்தநாகம் பூசின இரும்புக் கம்பி) செஞ்சா குச்சி பொம்மை மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது. மெட்டீரியல மாத்தணுமா, இல்ல என் கைதான் சரியில்லையா?

பதில்: கை மேல பழி போடாதீங்க. ஜிஐ கம்பிக்கு விறைப்பு ஜாஸ்தி, வளைச்சு விட்டா கொஞ்சம் பின்னாடி போயிரும், அதனால நீங்க குறட எடுத்து அழுத்துறீங்க, அழுத்தின இடத்துலெல்லாம் ஒரு முனை விழுது, அந்த முனைல பாக்குறவன் கண்ணு தட்டி நின்னுடுது. கோடு ஓடணும்னா கண்ணு நிக்கவே கூடாது! சாஃப்டான அலுமினியக் கம்பி வாங்குங்க, இல்லன்னா கட்டட வேலைல யூஸ் பண்ற கட்டுக்கம்பி, ரெண்டையும் விரலாலயே வளைக்கலாம். பெரிய வளைவுக்கு பாட்டில் இல்ல பைப் மேல சுத்தி எடுங்க, குறடு வெட்டுறதுக்கு மட்டும் போதும். செம்புக் கம்பியும் நல்லதுதான், ஆனா வளைக்க வளைக்க இறுகிக்கிட்டே வரும், ஒரே இடத்த நிமித்தி நிமித்தி வளைச்சா பட்டுனு உடைஞ்சுரும். லேசா சிவக்குற வரைக்கும் சூடு காட்டி ஆற விட்டா திரும்ப இளகிடும்.

இன்னொரு விஷயம், இதத்தான் நெறைய பேர் கவனிக்கிறதில்ல. கரில நீங்க அழுத்துன எடத்துல கோடு தடிக்குது, விட்ட எடத்துல மெலியுது. கம்பி ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே தடிமன், அப்புறம் எப்படி வேகம் தெரியும்? அதனால எடை விழுற கால், இடுப்பு, அங்க ரெண்டு மூணு இழை சேத்து முறுக்குங்க, வீசுற கைக்கு ஒத்தை இழை போதும், விரல் எல்லாம் செய்யாதீங்க, நுனிய அப்படியே விட்டுருங்க. அமெரிக்க சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1926ல இருந்தே ஜோசபின் பேக்கர்ங்கிற டான்ஸர வெறும் கம்பில செஞ்சாரு, வயிறும் மார்பும் வெறும் சுருள்தான், அதுவும் தொங்க விட்டதால லேசா காத்து பட்டாலே ஆடும். முகத்துல கண்ணிமை வரைக்கும் செய்யணும்னு நெனைக்கிறவங்க ஒருதடவ அத பாக்கணும்.

கேள்வி: கெட்டியான பொருள்ல, உதாரணமா பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல, அசைவ காட்டவே முடியாதா?

பதில்: ஏன் முடியாது? இத்தாலிய சிற்பி உம்பெர்த்தோ போச்சோனி 1913ல நடந்து போற ஆள பிளாஸ்டர்லதான் செஞ்சாரு, இப்ப மியூசியத்துல நாம பாக்குற வெண்கலம் எல்லாம் அவர் செத்ததுக்கு அப்புறம் வார்த்தது. அதுல சதைய விட விளிம்பத்தான் பாக்கணும், ஒவ்வொரு விளிம்பும் பின்னாடி இழுத்துட்டு போகும். நீங்க சின்னதா ஆரம்பிங்க. நீள காட்டன் துணிய பிளாஸ்டர் கரைசல்ல முக்கி ரெண்டு ஆணில தொங்க விடுங்க, வளைவ புவியீர்ப்பே போட்டுக்கும், உங்க கைய விட நல்லாவே போடும். இறுகுறதுக்கு கொஞ்ச நிமிஷம்தான் இருக்கும், அதுக்குள்ள ஒரு முனைய திருகி விடணும். கையுறை போட்டுக்கங்க, பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், கட்டியா இருந்தா தோலயே சுட்டுரும். கைய அச்சு எடுக்குறேன்னு கட்டி பிளாஸ்டருக்குள்ள விடுறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மோட்டார் வச்சு நிஜமாவே ஆட விட்டா அது ஏமாத்து வேலையா?

பதில்: யார் சொன்னா? ரஷ்ய சிற்பி நவும் காபோ 1919-20லயே ஒரு ஒத்தை ஸ்டீல் கம்பிய மோட்டாரால அதிர வச்சாரு, நின்னா வெறும் கம்பி, ஓடுனா காத்துல ஒரு அலை தெரியும், அந்த உருவத்த செய்யுறதே அசைவுதான். ஆனா செத்துக் கிடக்குற கோட்ட ஆட்டி விட்டு உயிர் வந்துருச்சுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி நீள ஸ்டீல் ரூலர மேஜை ஓரத்துல கிளாம்ப் போட்டு சுண்டி விட்டு பாருங்க, நீளத்த கூட்டிக் குறைச்சா வேகம் எப்படி மாறுதுன்னு அதுலயே தெரிஞ்சுடும்.