பச்சைக் கறிக்கு மாறும் நாயின் வயிறு: கேள்வி பதில்

பெருந்துறைப் பக்கம் தோட்டத்தில் 20 வருசமாக நாய் வளர்க்கிறேன். சோற்றிலிருந்து பச்சைக் கறிக்கு மாற்றும்போது வயிறு கெடாமல் பார்ப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவர் இல்லை. வளர்த்துப் பார்த்துத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோபி: அக்கா, எங்கள் லேப்ரடாருக்கு 3 வயசு. தயிர்ச்சோறுதான் பழக்கம். திங்கட்கிழமை ஒரேயடியாகப் பச்சைக் கோழிக்கு மாற்றினேன். இன்று தண்ணியாகப் போகிறது. இவனுக்குக் கறி ஒத்துக்கொள்ளாதா?

ஒத்துக்கொள்ளும் கண்ணு, அவசரப்பட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் சோற்றுக்குப் பழகியவை. கறிக்கும் கொழுப்புக்கும் அவை பழக நாளாகும். இப்போது பச்சைக் கறியை நிறுத்திவிட்டு, தோல் உரித்த கோழியை உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்து, குழைந்த சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை கொடுங்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். மலம் கெட்டியானதும் மறுபடி ஆரம்பியுங்கள்: பழைய சாப்பாட்டில் கால் பங்கை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கறி. மூணு நாலு நாள் நன்றாக இருந்தால் அரைப் பங்கு, அப்புறம் முக்கால். முழுசாக மாற இரண்டு வாரம் ஆனாலும் தப்பில்லை. அதுவரை ஒரே கறிதான். கோழி, ஆடு, மீன் என்று கலந்தால் எது சேரவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது.

ஈரல் விசயத்தில் நானே தப்புச் செய்திருக்கிறேன். எங்கள் வீரன் ஆசையாகத் தின்கிறானே என்று முதல் வாரமே ஒரு கிண்ணம் ஆட்டு ஈரல் வைத்தேன். ராத்திரி முழுக்கக் கறுப்பாகக் கழிந்தான். விடியும்போது தொழுவத்துச் சுவரில் சாய்ந்து நின்றான், கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டினான். ஈரல் மொத்தத் தீனியில் நூற்றுக்கு 5 பங்கு போதும். அதையும் மாற்றம் முடிந்தபிறகு, நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

திருப்பூர்: தயிர் நல்லதா, அரசாணிக்காயா (மஞ்சள் பூசணி)?

அரசாணிக்காய்தான் என் கைமருந்து. அதன் நார் இளகிய மலத்தையும் கட்டும், இறுகியதையும் இளக்கும். ஆவியில் வேகவைத்து மசித்து, சின்ன நாய்க்கு ஒரு ஸ்பூன், பெரிய நாய்க்கு மூணு. தயிர் பழகிய நாய்க்குக் கொஞ்சம் கொடுக்கலாம். பால் சேராத நாய்க்கு அதுவே கழிச்சலைக் கூட்டும்.

பொள்ளாச்சி: மலம் வெள்ளையாக, சுண்ணாம்புக்கட்டி மாதிரி உதிர்கிறது. முக்குகிறான்.

எலும்பு அதிகம். கோழிக் கழுத்தைக் குறைத்து சதையைக் கூட்டுங்கள். வேகவைத்த எலும்பு மட்டும் கூடவே கூடாது, சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

காங்கேயம்: கறிக்கடையில் செம்மறி நுரையீரலும் ஈரலும் சும்மாவே தருகிறார்கள். பச்சையாகப் போடலாமா?

வேண்டாம். அதில் நீர்க்கட்டி இருந்து நாய் தின்றுவிட்டால், நாயின் குடலில் சின்ன நாடாப்புழுவாக வளரும். அதன் முட்டை மலத்தோடு வெளியே வந்து, நாயைக் கொஞ்சுகிற பிள்ளைகளின் கை வழியாக வயிற்றுக்குப் போனால் மனிதர் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி உண்டாகும். நன்றாக வேகவைத்தே போடுங்கள். பூச்சி மருந்தையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் கொடுங்கள்.

கோயம்புத்தூர்: வீட்டில் 8 மாதக் குழந்தை இருக்கிறாள்.

அப்படியென்றால் பச்சையே வேண்டாம், வேகவைத்தே கொடுங்கள். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா இருக்கலாம். ஃப்ரீசரில் வைத்தாலும் அது சாகாது. நாய் நன்றாக இருக்கும்போதே அதன் மலத்திலும் வாயிலும் அந்தக் கிருமி இருக்கலாம். அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கம் 2012லேயே பச்சைக் கறி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நான் கொடுக்கிறேன் என்பதற்காக தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சரி என்று சொல்லமாட்டேன்.

நாமக்கல்: 2 மாதக் குட்டி, நேற்றிலிருந்து கறி. காலையில் வாந்தி, இப்போது ரத்தமாகப் போகிறது. அரசாணிக்காய் கொடுக்கலாமா?

எதுவும் கொடுக்காதீர்கள் தம்பி, உடனே தூக்கிக்கொண்டு போங்கள். இது தீனிக் கோளாறாக இல்லாமல் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், மணிக்கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும். உங்கள் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். போய்ப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.