அள்ளிய குப்பை எங்கே போகும்? அதை முதலில் பேசுங்கள்

கேள்வி: திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கிறோம். எங்கள் ஒழுங்கை வடிகான் மண்ணும் போத்தலுமாக அடைபட்டுக் கிடக்கிறது, பக்கத்து வெறுங்காணியிலும் குப்பை கொட்டுகிறார்கள். ஏதாவது செய்ய ஆசை, ஆனால் வேலைக்குப் போகிறவள், ஞாயிறு மட்டும்தான் நேரம். எங்கே தொடங்குவது?

பதில்: ஞாயிறு மட்டும் போதும் தங்கச்சி. ஆனால் எடுத்தவுடனே மண்வெட்டியைத் தூக்காதீர்கள். சிரமதானம் என்றதும் எல்லாரும் இறங்கிச் சேற்றை அள்ளிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள், ஏற்ற வண்டி வராது, அடுத்த மழைக்கு அவ்வளவும் திரும்ப வடிகானுக்குள்தான். அதைப் பார்த்த சனம் இன்னொரு முறை கூப்பிட்டால் வராது. அதனால் ஏற்றிப்போக யார், எப்போது வருவார்கள் என்பது உறுதியான பிறகே நாள் குறியுங்கள்.

கிராம உத்தியோகத்தரிடம் போய், உங்கள் பகுதியில் கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ சனசமூக நிலையமோ இயங்குகிறதா என்று கேளுங்கள். தனியாளின் கடிதத்தைவிடச் சங்கத்தின் கடிதத்துக்கு உள்ளூராட்சிச் சபையில் மதிப்பு அதிகம். எந்தச் சபை என்று குழப்பமாக இருந்தால் சோலைவரி பற்றுச்சீட்டைப் பாருங்கள், நகருக்கு ஒன்று, சுற்றுப்புறத்துக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. கடிதத்தில் வடிகான் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நாள், எத்தனை மணிக்கு டிராக்டர் வேண்டும் என்று தெளிவாக எழுதி, உங்கள் பிரதியில் முத்திரை வாங்கி வையுங்கள். உடைந்த மதகு, சீமெந்து மூடி இதெல்லாம் நீங்கள் திருத்தவேண்டியதல்ல, சபைக்குத் தனியாக எழுதுங்கள்.

வெறுங்காணிக்குள் உரிமையாளரைக் கேட்காமல் இறங்காதீர்கள். அவர் வெளியூரில், வெளிநாட்டில் என்றால் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி காணியில் நுளம்பு பெருகாமல் பார்ப்பது உரிமையாளரின் கடமை. 2017இல் கிண்ணியா டெங்கால் பட்ட பாட்டை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வடிகானில் இறங்குபவர்கள் பூட்ஸும் கையுறையும் போடவேண்டும், காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்கவே கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். பிறகு காய்ச்சலோ தசைவலியோ வந்தால் வடிகானில் வேலை செய்ததை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சேர்த்த பொலித்தீனை எரிக்கவும் வேண்டாம், இரவு முழுக்க வெளியில் வைக்கவும் வேண்டாம். நம்மூர் மான்கள் சாப்பாட்டு வாசனைக்கு அதைத் தின்று வயிறு அடைத்துச் சாகின்றன, பார்க்கவே மனம் பொறுக்காது.

வடகீழ்ப் பருவமழைக்கு முன், செப்டெம்பருக்குள் பெரிய வேலையை முடித்துவிடுங்கள். அப்புறம் ஞாயிறுதோறும் அரை மணித்தியாலம் போதும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும், வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் அது முழுமையடையாது. பூச்சாடித் தட்டு, வாளி, தொட்டி இவற்றின் உட்பக்கத்தைத் தேய்த்தும் கழுவவேண்டும், ஏனென்றால் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

வராத அயலவரோடு சண்டை வேண்டாம். அவர் வீட்டு முன்துண்டையும் சேர்த்தே துப்புரவாக்கிவிட்டு, எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றித் தரமுடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள்.