நகல் என்றால் இளக்காரமா?

கேள்வி: திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கோவையில் ஒரு கண்காட்சியில் போரைப் பற்றிய அச்சுப் படங்களை மாட்டி, 'மகத்தான கலை' என்றார்கள். ஒரே தகட்டில் எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாமே, நகலுக்கு எதற்கு இத்தனை மரியாதை?

பதில்: ஒரே படத்தைப் பகல் முழுக்கப் பனியனில் அடிக்கிற ஊரிலிருந்தா இந்தக் கேள்வி? நல்லா இருக்குங்க!

முதலில் தொழில் கணக்கு. எத்தனை வேண்டுமானாலும் அடிக்க முடியாது. செம்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறும்போது ஓரத்தில் எழும் பிசிறில்தான் மை தங்கும். அச்சு எந்திரத்தின் அழுத்தத்தில் சில பத்துப் பிரதிகளிலேயே அது அமுங்கிவிடும்.

அப்புறம் மரியாதை. குதிரைமேல் வாளோடு நிற்கும் தளபதியின் ஓவியத்துக்கு அரசர் காசு கொடுப்பார், அரண்மனையில் மாட்டுவார். வீடு எரிந்து நிற்கிற குடியானவனை எந்த அரசர் மாட்டுவார்? அவன் பெரும்பாலும் தகட்டுக்கும் மரக்கட்டைக்கும்தான் வந்தான். 1633-இல் பிரான்சின் ஜாக் காலோ வெளியிட்ட 18 படங்களில் சிப்பாய்கள் பண்ணை வீட்டைச் சூறையாடுகிறார்கள், கிராமத்தைக் கொளுத்துகிறார்கள். பொறுத்துப் பார்த்த குடியானவர்கள் கடைசியில் சிப்பாய்களையே போட்டு அடிக்கிறார்கள். (எனக்குப் பிடித்த படம் அதுதான்.)

நெப்போலியன் படை ஸ்பெயினில் புகுந்த பிறகு அந்நாட்டு ஓவியர் கோயா செதுக்கிய 82 தகடுகளில், 1811-12-இல் மாட்ரிட் நகரில் பட்டினியால் செத்தவர்களுக்கென்றே ஒரு வரிசை உண்டு. ஊரைக் காலிசெய்து ஓடும் கூட்டத்தில் ஒரு தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும் படத்தின் கீழே 'நான் இதைப் பார்த்தேன்' என்று எழுதினார். ஆனால் ஊர் பார்க்கவில்லை. அவர் இறந்து 35 ஆண்டு கழித்து, 1863-இல்தான் அந்தப் படத் தொகுப்பு வெளிவந்தது.

ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ், 1914-இல் மகனைப் போரில் பறிகொடுத்தவர். வயது போதாத அந்தப் பையன் படையில் சேர, கணவரைச் சம்மதிக்க வைத்ததே அவர்தான். 1920-களில் ஏழு மரக்கட்டை அச்சுகளாகப் போரைச் செதுக்கினார். ஒன்றில்கூடப் போர்க்களம் கிடையாது. தாய்மார்கள் கூடிநின்று பிள்ளைகளைக் கைக்குள் மறைக்கிறார்கள், விதவை தனியாக நிற்கிறாள்.

நம் நாட்டிலும் நடந்தது. பர்மா ஜப்பானிடம் விழுந்து அரிசி வரத்து நின்றது; ஜப்பான் படை வந்துவிடும் என்று வங்கக் கரையோரப் படகுகளைப் பிரிட்டிஷார் பறித்தார்கள். 1943-இல் பஞ்சம். மிதினாப்பூர் கிராமங்களில் நடந்தே அலைந்து வங்க ஓவியர் சித்தப்பிரசாத் மசியில் வரைந்தவை புத்தகமாக அச்சேறின. அரசாங்கம் பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. அசல் ஓவியங்கள் மட்டுமே இருந்திருந்தால் அந்தச் சிரமம் எதற்குங்க? தப்பித்த ஒரு பிரதியை வைத்துத்தான் பின்னால் மறுபதிப்பு வந்தது.