அட்டையில் ஒரு செயலி

கேள்வி: எங்கள் ஊர் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றுபவர்கள் தங்கள் கணக்கைக் கைபேசியில் பார்க்க ஒரு செயலி செய்கிறோம். நிரல் எழுதும் முன் காகிதத்தில் வரைந்து சோதிக்கச் சொல்கிறார்கள். காகிதத்தைத் தொட்டு என்ன தெரிந்துவிடும்?

பதில்: நிறையத் தெரியும். பொறியாளர் ஜெஃப் ஹாக்கின்ஸ், 1996இல் வெளிவந்த பாம் பைலட் என்னும் கையடக்கக் கணினியை வடிவமைக்கும்போது ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாரையாவது சந்திக்க நாள் குறிக்க வேண்டுமென்றால் கட்டையை எடுத்துக் குச்சியால் எழுதுவதுபோலச் செய்து பார்ப்பார்.

அளவில் சமரசம் வேண்டாம். 6.5 அங்குலக் கைபேசியின் திரை சுமார் 6.8 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம், கெட்டி அட்டையை அப்படியே வெட்டுங்கள். ஏ4 தாளில் வரைந்தால் எல்லாமே அடங்கிவிடும், கைபேசியில் அடங்காது. பொத்தான் 9 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எழுத்து வரும் இடத்தில் வெறும் கோடு கிழிக்காமல் அசல் தமிழ்ச் சொல்லையே எழுதுங்கள். 'சமர்ப்பிக்கவும்' பொத்தானை மீறி வழியும், 'அனுப்பு' உட்காரும் என்பது அப்போதே கண்ணில் படும்.

திரைக்கு ஓர் அட்டை. விசைப்பலகைக்கும் பிழைச் செய்திக்கும் தனித் துண்டுகள். பால் ஊற்றுபவர் ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களில் ஒருவர் அவருக்கு வேலை சொல்லட்டும், அவர் தொடத் தொட இன்னொருவர் வாய் திறக்காமல் அட்டை மாற்றட்டும், மூன்றாமவர் குறிப்பெடுக்கட்டும். பலர் கோட்டை விடுவது வேலை சொல்லும் விதத்தில்தான். "பட்டுவாடா விவரம் பாருங்கள்" என்றால், பால் ஊற்றுபவர் திரையில் அதே சொல்லைத் தேடித் தொட்டுவிடுவார். "இந்த வாரம் உங்களுக்கு எவ்வளவு பணம் வரும்?" என்று கேளுங்கள். விரல் தயங்கினால் உதவாதீர்கள். "என்ன வரும் என்று நினைத்தீர்கள்?" என்பதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: எத்தனை பேரிடம் சோதிப்பது? காகிதமே போதுமா?

பதில்: ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டுவார், ஐந்து பேரில் ஏறத்தாழ 85 சதவீதம் வெளிப்படும் என்பது பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் கணக்கு. ஒரேமாதிரிப் பயனர்களுக்குத்தான் அது பொருந்தும். சங்கச் செயலாளருக்கு வேறு திரைகள் என்றால் அவர் போன்றவர்களைத் தனியாகச் சோதியுங்கள். பதினைந்து பேரை ஒரே மூச்சில் பார்ப்பதைவிட, ஐந்து பேர் முடிந்ததும் திருத்தி, அடுத்த ஐவரிடம் போவது மேல்.

காகிதம் போதாது. திரையை உருட்டுவது, கட்டைவிரல் எட்டுவது, வெயிலில் எழுத்து மங்குவது எதையும் அது காட்டாது. திருத்திய அட்டைகளைப் படமெடுத்து, ஃபிக்மா என்னும் திரை வடிவமைப்பு மென்பொருளில் ஒன்றோடொன்று இணைத்து, விலை குறைந்த கைபேசி ஒன்றில் ஏற்றிக்கொள்ளுங்கள். காலை கொள்முதல் நேரத்தில், பால் ஊற்றிய ஈரக் கையாலேயே தொடச் சொல்லுங்கள். நீர்த்துளி பட்ட தொடுதிரை விரலைச் சரியாக உணராது. நெருக்கி வைத்த பொத்தான்கள் முதலில் தடுமாறுவது அங்கேதான்.