வெயில், விளக்கு, இரத்தநாளம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எனக்கு 54 வயது. ஆறு வருடமாக பிபி மாத்திரை எடுக்கிறேன். தினமும் வெயிலில் நின்றால் இரத்தக்குழாய் விரிந்து பிபி இறங்கும் என்று நண்பர் சொல்கிறார். மாத்திரையை விட்டுவிடலாமா, டாக்டர்?

மாத்திரையை விட வேண்டாம். ஆனால் உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது.

முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய துண்டுகள் ஒளி பட்டதும் தளர்வதை அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் 1950களிலேயே கவனித்தார். இரத்தநாளத்தின் உள்படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் சுரந்து நாளத்தைத் தளர்த்துகிறது என்று அவரே 1980இல் காட்டினார். அந்தப் பொருள்தான் நைட்ரிக் ஆக்ஸைடு என்பது சில ஆண்டுகளில் தெளிவானது. 1998இல் இக்னாரோ, முராத் ஆகியோருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் தோலில் நைட்ரைட் போன்ற சேர்மங்கள் சேமிப்பாகக் கிடக்கின்றன. புற ஊதா ஏ கதிர் பட்டால் அவற்றிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு பிரிந்து இரத்தத்தில் கலக்கிறது, நாளங்கள் தளர்கின்றன. எடின்பரோவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ரிச்சர்ட் வெல்லரும் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த மார்ட்டின் ஃபீலிஷும் 24 ஆரோக்கியமானவர்களிடம் இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். ஒரு நாள் விளக்கின் புற ஊதாவும் சூடும் சேர்ந்து பட்டன, இன்னொரு நாள் சூடு மட்டும். புற ஊதா பட்ட நாளில்தான் பிபி இறங்கியது. வைட்டமின் டி அளவு மாறவில்லை, ஆகவே இறக்கத்துக்கு அது காரணமில்லை. இந்த ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது. ‘வெயிலின் சூட்டால்தான் பிபி இறங்கியது’ என்ற சந்தேகத்துக்கு அது இடமே வைக்கவில்லை.

2020இல் வெல்லர் குழு அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பிபி அளவுகளை அந்தந்த ஊரின் புற ஊதா அளவோடு ஒப்பிட்டது. வெப்பநிலையின் பங்கைக் கழித்த பிறகும், புற ஊதா கூடிய இடத்தில் பிபியின் மேல் அளவு (சிஸ்டாலிக்) சற்றுக் குறைவாகவே இருந்தது. கறுப்பினத்தவரிடம் இந்த விளைவு குறைவு. கருநிறம் தரும் மெலனின் மிகுந்த தோலுள்ள நாம் இதை மனதில் வைக்க வேண்டும்.

விளக்கடியில் கண்ட இறக்கம் சிறியது, சிறிது நேரத்தில் மறைந்துவிடுவது. மாத்திரையோ இருபத்து நான்கு மணி நேரமும் உங்கள் மூளையையும் சிறுநீரகத்தையும் காக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். காலையில் அரை மணி நேரம் வெளியே நடங்கள், நடையே நாளங்களுக்கு நல்லது. உங்கள் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தால் தோல் வெயிலில் எளிதில் பாதிக்கப்படும். மாத்திரை அட்டையைப் பார்த்து உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அம்மாவுக்குப் பதினைந்து வருடமாக சுகர். இரண்டு பாதமும் மரத்துப்போயிருக்கின்றன. ஒரு பிசியோதெரபி நிலையத்தில் அகச்சிவப்பு ஒளிப் பட்டை கட்டினால் இரத்த ஓட்டம் கூடி உணர்ச்சி திரும்பும் என்கிறார்கள். இருபது சிட்டிங் பணம் கட்டச் சொல்கிறார்கள்.

பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சிவப்பு ஒளிக்கும் நாளத்தைத் தளர்த்தும் ஆற்றல் உண்டு. மில்வாக்கியிலுள்ள விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், சர்க்கரை நோயுள்ள சுண்டெலிகளின் தமனிகள்கூட 670 நானோமீட்டர் ஒளியில் தளர்ந்தன. ஆனால் எலியின் தமனியை வெளியே எடுத்து ஒளி காட்டுவதும், தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் இருக்கும் மனிதத் தமனிக்கு ஒளியைக் கொண்டுபோவதும் ஒன்றல்ல. கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைத்த நாளத்தை ஒளி திறக்காது.

நீங்கள் சொல்லும் வகைப் பட்டை, 890 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடுகள் பதித்தது, அமெரிக்காவில் முறையாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. 69 நோயாளிகள் தினமும் 40 நிமிடம், 90 நாள் வீட்டிலேயே கட்டிக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மையான பட்டை, மற்றவர்களுக்கு ஒளி வராத போலிப் பட்டை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, சோதித்தவருக்கும் தெரியாது. 2008இல் வந்த முடிவில் இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. அதற்கு முன்பே, 2006இல், அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இந்தச் சிகிச்சைக்குப் பணம் தருவதை நிறுத்திவிட்டது.

என்னைக் கவலைப்பட வைப்பது இன்னொன்று. மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. பட்டை சுட்டால் அம்மா சொல்ல மாட்டார், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சுகர் உள்ள காலில் ஒரு கொப்புளம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது உங்களுக்கும் தெரியும்.

அந்தப் பணத்தில் முதலில் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒன்று, 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையால் பாத உணர்ச்சியைப் பார்ப்பது. இன்னொன்று, கணுக்கால் பிபியைக் கை பிபியோடு ஒப்பிடுவது. அந்த விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் காலில் அடைப்பு இருக்கிறது, இரத்தநாள அறுவை நிபுணரைப் பாருங்கள். சுகர்காரர்களுக்குத் தமனி கெட்டியாகி விகிதம் பொய்யாக உயர்ந்தும் காட்டலாம், அப்போது கால் பெருவிரலின் அழுத்தத்தைப் பார்ப்பார்கள். தினமும் இரவு அம்மாவின் பாதத்தை நீங்களே திருப்பிப் பாருங்கள்.

எங்கள் குழந்தை 31 வாரத்தில் பிறந்தது. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்திருக்கிறார்கள். விளக்கு இதயத்தைப் பாதிக்குமா? காலை வெயிலில் காட்டினால் போதாதா என்று பாட்டி கேட்கிறார்.

பாட்டியின் யோசனையில்தான் இந்தச் சிகிச்சையே பிறந்தது. இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட குழந்தையின் தோலில் மஞ்சள் வெளிறியிருப்பதை ஒரு செவிலியர் கவனித்தார். மருத்துவர் கிரீமரின் குழு அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1958இல் விளக்குச் சிகிச்சையை அறிவித்தது. ஆனால் வெயிலை அளந்து கொடுக்க முடியாது, குறைமாதக் குழந்தைக்கு உடல் சூடும் நிலைக்காது. விளக்குதான் சரி.

இதயம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் ஒரு சிறு நாளம் பிறந்த சில நாளில் மூட வேண்டும். மிகக் குறைமாதக் குழந்தைகளின் மெல்லிய மார்பு வழியே ஒளி புகுந்து அதைத் தளர்த்தித் திறந்தே வைக்கலாம் என்ற ஐயத்தில், 1980களிலேயே மார்பில் அலுமினியத் தாள் போட்டு ஆய்வு செய்தார்கள். பிந்தைய முடிவுகள் ஒத்துப்போகவில்லை, அதனால் அது வழக்கமாகவில்லை. உங்கள் குழந்தைக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எப்போது என்று மட்டும் கேட்டுவையுங்கள். காமாலை முற்றினால் மூளைக்கு வரும் ஆபத்து இதைவிடப் பெரியது, விளக்கை எடுக்கச் சொல்லாதீர்கள்.

நரம்புச் சுருட்டலுக்குச் சிவப்பு ஒளிக் காலுறை பயன்படுமா?

பயன்படாது. அங்கே கெட்டிருப்பவை சிரையின் வால்வுகள். தளர்ந்த குழாயை இன்னும் தளர்த்தி என்ன லாபம்? மருத்துவமனையில் செய்யும் லேசர் வேறு. அது சிரைக்குள் நுழைந்து சூட்டால் அதை மூடிவிடுவது.

டொரோண்டோவில் இருக்கிறேன். குளிர்கால மனச்சோர்வுக்கு 10,000 லக்ஸ் விளக்கு வாங்கினேன். இதயத்துக்கும் நல்லதா?

அந்த விளக்கு கண் வழியாக மனதுக்கு வேலை செய்கிறது. நல்ல விளக்குகளில் புற ஊதாவை வடிகட்டிவிடுவார்கள், ஆகவே முதல் பதிலில் சொன்ன தோல் விளைவு இதில் வராது. 2018இல் 14 ஆரோக்கியமான ஆண்களுக்கு அரை மணி நேரம் உடல் முழுக்க நீல ஒளி காட்டியபோது மேல் அளவு பிபி சுமார் 8 புள்ளி இறங்கியது, முன்கை இரத்த ஓட்டமும் கூடியது. நம்பிக்கை தரும் ஆய்வுதான், ஆனால் அது உடம்பு முழுக்கப் பட்ட ஒளி, மேசை விளக்கு அல்ல. மனச்சோர்வுக்கு அது உதவினால் தொடருங்கள். பிபியைத் தனியாக அளந்து பாருங்கள்.