விளக்கெண்ணெய் இருக்கட்டும், வலது கண்ணை இன்றே காட்டுங்கள்

கேள்வி: எனக்கு 52 வயது, நீடாமங்கலம் பக்கம். ஆறு மாதமாக இரண்டு கண்ணிலும் மண் விழுந்த மாதிரி உறுத்தல். கண் வறட்சி என்றார்கள். தாவர எண்ணெயைக் கண்ணில் விட்டுச் சோதித்திருக்கிறார்கள் என்று மகன் போனில் காட்டினான். செக்கு விளக்கெண்ணெய் விடலாமா? இடது கண் வேறு துடிக்கிறது. பார்வை போய்விடுமோ என்று பயம். போன வாரம் நெல் தூற்றும்போது வலது கண்ணில் பதர் விழுந்தது. சிவந்து வலிக்கிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை. வீட்டிலிருந்த பழைய சொட்டு மருந்தை விடுகிறேன்.

பதில்: கடைசியில் எழுதியதை முதலில் எழுதியிருக்க வேண்டும், அம்மா. பார்வை போகுமென்றால் அது வறட்சியால் அல்ல, அந்தப் பதரால்தான் போகும்.

நெல்லின் உமியும் சொணையும் கருவிழியைக் கீறினால், அந்தக் கீறலில் பூஞ்சை இறங்கும். உடனே தெரியாது, சில நாள் கழித்து ஒரே கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சத்துக்குக் கூசும், கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி விழும். சம்பா அறுவடை முடிந்து இப்படி வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு சொட்டு மருந்து விட்டுத்தான் வருகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்த மாதிரி இருக்கும், உள்ளே பூஞ்சை கொழுக்கும். அதை இப்போதே நிறுத்துங்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு இன்றே கிளம்புங்கள். திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு உண்டு. புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சைதான் என்றால் நாட்டாமைசின் சொட்டு, வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கும். தாமதித்தால் கருவிழி மாற்று வரை போகும். தாய்ப்பால் விடுவது, நாக்கால் பதரை எடுப்பது எதுவும் வேண்டாம்.

எண்ணெய்க்கு வருவோம். மகன் காட்டியது முழுப் பொய்யில்லை. இமை விளிம்பிலுள்ள சுரப்பிகள் கண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் விரிக்கின்றன. அது குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். அதற்காக விளக்கெண்ணெயைச் சோதித்த ஜப்பானிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஆனால் அவர்கள் விட்டது வெறும் 2 சதவீதம், நீரோடு நுண்துளிகளாகக் கலந்து மருந்தாகத் தயாரித்தது. உங்கள் அடுக்களை பாட்டிலில் இருப்பது நூறு சதவீதம். செக்கில் ஆட்டியதால் கிருமி ஒதுங்கிப் போய்விடாது. புண் இருக்கும் கண்ணில் அதை விடுவதாக நினைக்கவே வேண்டாம்.

இடது கண் துடிப்பா? தூக்கம் குறைந்தால் துடிக்கும். பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது என்பார்கள், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

வலது கண் ஆறட்டும். வறட்சிக்குப் பதப்படுத்தும் பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீர் இருக்கிறது. இமைக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். அடுத்த முறை தூற்றும்போது ஒரு சாதாரணக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள்.