ஈறு திடீர்னு வீங்கிட்டா டாக்டர்கிட்ட போறதுக்குள்ள என்ன செய்யலாம்? – பல் டாக்டர் பதில்கள்

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா, நாங்க ஏற்காடு நாகலூர் பக்கம் எஸ்டேட்ல இருக்கோம்ங்க. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரு கீழ் கடவாப்பல்லுகிட்ட ஈறு வலிக்குதுன்னாரு, ராத்திரிக்குள்ள வீங்கிப்போயி விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்கறாரு, அமுக்குனா வாயில ஏதோ கசப்பா வருதாம். மறுநாள் ஞாயித்துக்கிழமை, பல் டாக்டர் யாரும் இருக்க மாட்டாங்கன்னு மாமியார் கன்னத்துல சூடா உப்பு ஒத்தடம் குடுத்தாங்க, கொழுந்தனார் மெடிக்கல்ல சொல்லி ஆண்டிபயாட்டிக் வாங்கிட்டு வந்துட்டாரு. திங்கக்கிழமை கீழ எறங்கி காட்டினோம், இப்ப பரவால்லைங்க. இனிமே இப்படி வந்தா அதுவரைக்கும் என்ன பண்ணணும்?
– வாசகி, ஏற்காடு

பதில்: அமுக்குனா கசப்பா வருதுன்னு எழுதியிருக்கீங்களேம்மா, அது சீழ். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல காரை படிஞ்சு ஒரு பள்ளம் மாதிரி ஆகியிருக்கும், அதுக்குள்ள கிருமி சேர்ந்து வெளிய வர வழியில்லாம அடைச்சுக்கிட்டா இப்படித்தான் சில மணி நேரத்துலயே வீங்கும். சில பேருக்கு காரையே இருக்காது, மீன் முள்ளோ, நம்ம ஊரு தட்டுவடை செட்டுல ஒரு கூரான துண்டோ ஈறுல குத்தி உள்ளயே நின்னுடும், அதுவும் கட்டியாகும். பல்லு சொத்தையா இருந்து வேருல சீழ் கோத்தாலும் ஈறுதான் வீங்கும். இருவது வயசு சுமாருல இருக்கற புள்ளைங்களுக்கு கடைசிப் பல்லுக்குப் பின்னாடி வீங்கி வாயே தொறக்க முடியலைன்னா அது பெரும்பாலும் ஞானப்பல்லு. எது எதுன்னு வீட்டுல கண்டுபுடிக்க வேண்டியதில்ல, எக்ஸ்ரே எடுத்து நாங்க பாத்துக்கறோம். பல்லு வெளக்கறப்ப ரத்தம் மட்டும் வருது, வீக்கமோ வலியோ இல்லைன்னா அது ராத்திரியோட ராத்திரியா ஓடி வர்ற விஷயம் இல்ல, ஆனா காட்டணும்.

அந்த ராத்திரிக்கு செய்ய வேண்டியது உப்புத் தண்ணிதான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை டீஸ்பூன் உப்பு போட்டு, வலிக்கற பக்கமா வாயில வச்சிருந்து மெதுவா கொப்பளிச்சு துப்பணும், சாப்பாட்டுக்கு அப்புறமும் நடுவுல ரெண்டு மூணு தடவையும். பல்லு வெளக்கறத நிறுத்திடாதீங்க, சாஃப்ட் பிரஷ்ஷா எடுத்து பைய வெளக்கணும். சூடு வாய்க்குள்ள போதும், வெளிய கன்னத்துல சூடா ஒத்தடம் குடுக்கறது நம்ம வீடுங்கள்ல வழக்கம்தான், பெரியவங்க பாசத்துல செய்யறாங்க, ஆனா சீழ் இருக்கறப்ப அதனால வீக்கம் அதிகமாயிடலாம், அதனால வேணாம். ஐஸ்கட்டிய துணியில சுத்தி பத்து நிமிஷம் வெளிய வச்சு எடுங்க. தலையை கொஞ்சம் ஒசத்தி வச்சுப் படுத்தா தெறிக்கறது கொறையும். ஊசியால குத்தறது, நகத்தால பிதுக்கறது, பொகையில வச்சு அடக்கறது இதெல்லாம் தயவுசெஞ்சு வேணாம், அதே மாதிரி வலி மாத்திரைய நுணுக்கி ஈறுல வைக்கறது, கிராம்பு தைலத்த அப்படியே ஊத்தறது ரெண்டும் ஈற வெந்துபோக வச்சிடும்.

வலிக்கு பாரசிட்டமால் போதும், 650 மாத்திரைன்னா பெரியவங்களுக்கு ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒண்ணு, ஒரு நாளைக்கு 4க்கு மேல கூடாது, சளி மாத்திரையிலயும் அதே மருந்து இருக்கும் அதனால ரெண்டையும் சேத்து போட்டுடாதீங்க. ஈரல் கோளாறு இருக்கறவங்க, தெனமும் குடிக்கறவங்க டாக்டர கேக்காம எடுக்க வேணாம். ஐபுப்ரோஃபென் நல்லா கேக்கும்தான், ஆனா அல்சர், கிட்னி கோளாறு, ஆஸ்துமா, ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, கர்ப்பிணிங்க இவங்க யாரும் தானா வாங்கிப் போடக் கூடாது.

ஆண்டிபயாட்டிக் விஷயத்துல கொழுந்தனார்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. கட்டிக்குள்ள சீழ் அடைஞ்சு கெடக்கறப்ப மருந்து அங்க சரியா போய்ச் சேராது, சீழ வெளியேத்தி சுத்தம் பண்ணாத்தான் கொறையும். மாத்திரை தேவையா, எது, எத்தன நாளைக்குன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். மெட்ரோனிடசோல் குடுத்திருந்தா அது முடியற வரைக்கும், முடிஞ்சும் ரெண்டு நாளைக்கு மது தொடவே கூடாது.

இப்ப நான் ரொம்ப அழுத்தி சொல்றது இதுதான். வீக்கம் தாடைக்கு அடியிலயோ கழுத்துக்கோ கண்ணுப் பக்கமோ பரவுனா, நாக்குக்கு அடியில தூக்குன மாதிரி ஆனா, எச்சி முழுங்க முடியாம ஒழுகுனா, வாய் தொறக்க முடியலைன்னா, குளிர் ஜொரம் வந்தா, பேச்சு கொழறுனா, மூச்சு வாங்குனா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாதும்மா. பல்லுல ஆரம்பிச்ச கிருமி கழுத்துக்கு எறங்கி மூச்சுக்குழாய அடைச்சிடும், உசுருக்கே ஆபத்து. உடனே 108க்கு போன் பண்ணுங்க. மேல இருக்கறவங்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி சேலம் வரணும், பனி வேற மூடிக்கும், அதனால லேசா சந்தேகம் வந்தப்பவே ஏற்காடு அரசு ஆஸ்பத்திரியில காட்டிட்டு கெளம்பறது நல்லது. இந்த அறிகுறிங்களுக்கு கிளினிக் தேடி அலையாதீங்க, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு நேரா போங்க, ஞாயித்துக்கிழமையும் தொறந்துதான் இருக்கும்.

உங்க வீட்டுக்காரருக்கு சுகர் பாத்தீங்களா? எழுதலை. அடிக்கடி ஈறு வீங்கறவங்களுக்கு சுகர் இருக்கறது இதுல தெரியவர்றது உண்டு, சுகர் இருக்கறவங்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டா சுகரும் ஏறும். ஒரு தடவ டெஸ்ட் எடுத்துடுங்க.

கேள்வி: மேடம், எனக்கு ஈறுல கட்டி வந்து ரெண்டு நாள் தூக்கமே இல்ல, அப்புறம் தானா ஒடைஞ்சு சீழ் வந்துச்சு, வலி சுத்தமா போயிடுச்சு. பட்டறையில லீவு கேக்க முடியல, இனிமே டாக்டர பாக்கணுமா?
– வாசகர், செவ்வாப்பேட்டை

பதில்: பாக்கணும் தம்பி. சீழ் வெளிய வந்ததால அழுத்தம் கொறைஞ்சு வலி போயிருக்கு, அவ்வளவுதான், காரையோ சொத்தையோ உள்ளயே இருக்கு. இப்படி விட்டவங்களுக்கு கொஞ்ச நாள்ல திரும்ப வீங்கும், ஒவ்வொரு தடவையும் பல்ல புடிச்சிருக்கற எலும்பு கரையும், கடைசியில சொத்தையே இல்லாத நல்ல பல்லு ஆடி விழும். கொசுக்கடி மாதிரி ஒரு சின்ன கொப்புளம் ஈறுல வந்து வந்து போகுதுன்னா அது சீழ் வெளிய வர்ற வழி. வலி இல்லாதப்ப வந்தா எங்களுக்கும் வேலை சுலபம், ஏன்னா சீழ் கோத்த எடத்துல மரக்கற ஊசி சில சமயம் சரியா கேக்காது. அரை நாள் லீவு போட்டா போதும், இந்த வாரமே போய் காட்டிடுங்க, அதுவரைக்கும் உப்புத் தண்ணி கொப்பளிங்க.